முதல் மாத்திரையும் கல்லீரல் எண்களும்

எச்ஐவி என்று உறுதியான முதல் வாரத்தில் வரும் ரத்தப் பரிசோதனை முடிவில், ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியின் பெயருக்கு எதிரே 96 என்றோ 140 என்றோ ஓர் எண் பலருக்கு இருக்கும். அளவுக்கு மேல் என்று அதற்கு ஒரு குறியும் இருக்கும். டாக்டர் விளக்குவதற்கு முன்பே சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் செயலியில் அதைப் பார்த்துவிடுகிறவர்கள் நிறைய. "கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போச்சு, இதுல மாத்திரை வேற போட்டா தாங்குமா?" என்பதுதான் அவர்களிடமிருந்து அடுத்து வரும் கேள்வி. சிலர் கேட்கவும் மாட்டார்கள். மாத்திரையை வாங்கிப்போய்ப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த எண் இன்னும் ஏறியிருக்கலாம்.

அந்தப் பயம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகாத நாளில் எடுத்த ரத்தம் அது. அந்த எண்ணுக்கு மாத்திரை எப்படிக் காரணமாகும்?

பல நேரங்களில் காரணம் கிருமிதான். உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரில் குடியிருக்கிறது. தொற்றின் முதல் சில வாரங்களில் எச்ஐவி அவற்றை அங்கேயே வேகமாக அழிக்கிறது. காவல் குறைந்த குடல் சுவர் கசியத் தொடங்க, குடலில் வாழும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. குடலில் இருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அங்கே அழுக்கை விழுங்கிச் சுத்தம் செய்யும் அணுக்கள் இந்தத் துணுக்குகளைக் கண்டு கிளர்ந்தெழ, அழற்சியில் கல்லீரல் அணுக்கள் சில சிதைகின்றன. அவற்றுக்குள் இருந்த ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகள் ரத்தத்தில் வழிகின்றன. தாளில் ஏறி நிற்பது அதுதான். கிருமி அடங்கினால் அழற்சி தணிகிறது. வேறு கோளாறு இல்லாதவருக்குச் சில வாரங்களில் எண் இறங்குகிறது. ஆகவே தொடக்க காலத்தில் கல்லீரலுக்கு முதல் மருந்து எச்ஐவி மாத்திரையேதான்.

தள்ளிப்போடுவதால் லாபமில்லை என்பதற்கு வலுவான சான்று 2015இல் வந்தது. 35 நாடுகளில் 4,685 பேரை வைத்து நடந்த ஸ்டார்ட் ஆய்வில், சிடி4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்தவர்களில் உடனே சிகிச்சை தொடங்கியவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடக் கடும் நோயும் மரணமும் சேர்ந்து 57 விழுக்காடு குறைந்தன. 2017 முதல் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, நோய் உறுதியானதில் இருந்து 7 நாளுக்குள், ஆள் தயாரென்றால் அன்றே தொடங்கலாம் என்று. ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டு அன்றைக்கே மாத்திரை தொடங்குவது அவசரக்கோலம் அல்ல. மூளைக்காய்ச்சல் போன்ற சில நிலைகளில் மட்டும் டாக்டர் நிறுத்தி வைப்பார்.

சிங்கப்பூரில் இதற்கு முன்னாலேயே ஒரு குழப்பம் வருகிறது. அது டெங்கி. புதிதாக எச்ஐவி தொற்றியவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டு வரலாம். ரத்தத்தில் தட்டணுவும் வெள்ளை அணுவும் குறையும், ஏஎஸ்டி, ஏஎல்டி ஏறும். டெங்கியிலும் ஏறக்குறைய இதே படம்தான். பலதுறை மருந்தகத்தில் டெங்கிப் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்ததும் "ஏதோ வைரஸ் காய்ச்சல்" என்று மருத்துவ விடுப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவது சுலபம். எச்ஐவி தொற்ற இடமிருந்தது என்று உங்களுக்கே தெரிந்தால், வாய்விட்டுச் சொல்லி எச்ஐவி பரிசோதனையும் கேளுங்கள். கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைகூட முதல் இரண்டு வாரங்களில் தவறவிடலாம். ஆய்வகத்தில் நரம்பு ரத்தத்தில் செய்யும் அந்தப் பரிசோதனையின் 'இல்லை'யை முழுதாக நம்ப 45 நாள் ஆக வேண்டும். அதற்கு முன் சந்தேகம் வலுவாக இருந்தால் கிருமியின் மரபணுவையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனை இருக்கிறது.

மாத்திரை தொடங்கும் நாளில் எடுக்கும் ரத்தம் பிறகு எல்லாவற்றுக்கும் அளவுகோல். அந்த நாளின் எண் இல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் வரும் 110 ஏற்றமா இறக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லீரல் தொடர்பாக அன்று இருக்க வேண்டியவை: ஏஎல்டி, ஏஎஸ்டி, பித்தநாள நொதியான ஏஎல்பி, மஞ்சள் நிறமியான பிலிருபின், ரத்தப் புரதமான ஆல்புமின், தட்டணுவோடு கூடிய முழு ரத்த எண்ணிக்கை. கல்லீரலைத் தாக்கும் கிருமிகளில் ஹெப்படைட்டிஸ் பி-க்கு மூன்று பரிசோதனைகள். ஹெப்படைட்டிஸ் சி-க்கு எதிர்ப்பொருள், ஏஎல்டி காரணமின்றி ஏறியிருந்தால் ஆர்என்ஏவும். ஹெப்படைட்டிஸ் ஏ எதிர்ப்பொருள், சிஃபிலிஸ், சர்க்கரை, கொழுப்பு. சர்க்கரையும் கொழுப்பும் இருப்பதால் எட்டு மணி நேரம் வெறும் வயிறு கேட்பார்கள். தண்ணீர் குடிக்கலாம்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். ஏஎஸ்டி கல்லீரலின் சொத்து மட்டும் அல்ல, தசையிலும் இருக்கிறது. ஏஎல்டியும் ஓரளவு அங்கே உண்டு. ஜிம்மில் காலுக்குப் பாரம் தூக்கியவர், தேசிய சேவையில் நீண்ட நடை முடித்தவர், கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்கக் கம்பி சுமந்தவர் ஆகியோருக்குக் கல்லீரல் நலமாக இருந்தும் ஏஎஸ்டி இரு மடங்கு காட்டலாம். ஏஎஸ்டி மட்டும் தனியாக எகிறி, பிலிருபின் சரியாக இருந்தால் தசை நொதியான சிகே-யைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு கூடுதல் பரிசோதனை பல வாரக் கவலையைத் தீர்க்கும்.

இனி ஹெப்படைட்டிஸ் பி. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

எச்ஐவிக்குக் கொடுக்கும் மருந்துகளில் டெனோஃபோவிர், லாமிவுடின், எம்ட்ரிசிடபின் மூன்றும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியையும் அடக்கும். இது நல்ல செய்தி, கவனிக்காவிட்டால் பொறி. இரண்டு கிருமியும் உள்ளவருக்கு டெனோஃபோவிரும், அதோடு லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபினும் சேர்ந்த கூட்டுதான் வேண்டும். டோலுடெக்ராவிர், லாமிவுடின் என்ற இரு மருந்து மாத்திரை எச்ஐவிக்குப் போதும். ஆனால் ஹெப்படைட்டிஸ் பி-க்கு எதிராக அதில் லாமிவுடின் தனி ஆளாக நிற்கும், கிருமி காலப்போக்கில் அதை மீறிப் பழகிவிடும். அதனால் ஹெப்படைட்டிஸ் பி முடிவு வரும்வரை அந்த இரு மருந்து மாத்திரையைத் தொடங்கக் கூடாது. நாளாவட்டத்தில் தினமும் மாத்திரை போட அலுத்து, மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ போடும் காபோடெக்ராவிர், ரில்பிவிரின் ஊசிக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசியில் ஹெப்படைட்டிஸ் பி-யை அடக்கும் எதுவும் இல்லை. மாத்திரை நின்ற சில வாரங்களில் அடங்கியிருந்த கிருமி கிளம்பி, ஏஎல்டி ஆயிரத்தைத் தாண்டிப் போகலாம். கல்லீரலே செயலிழந்துபோவதும் உண்டு. எச்ஐவி வராமல் தடுக்க டெனோஃபோவிர் கலந்த மாத்திரை போட்டுவந்து நிறுத்துபவருக்கும், ஹெப்படைட்டிஸ் பி இருந்தால், இதே ஆபத்து.

ஹெப்படைட்டிஸ் பி-யின் மூன்று பரிசோதனைகளையும் படிக்கும் முறை இது. மேற்பரப்புப் புரதம் 'உண்டு' என்றால் கிருமி இப்போது உடலில் இருக்கிறது. கிருமியின் டிஎன்ஏ அளவும் கல்லீரல் ஸ்கேனும் அடுத்து வேண்டும். மேற்பரப்பு எதிர்ப்பொருள் 10-க்கு மேல் இருந்து மற்ற இரண்டும் 'இல்லை' என்றால் தடுப்பூசி தந்த பாதுகாப்பு. எதிர்ப்பொருளோடு மையப் புரத எதிர்ப்பொருளும் இருந்தால், எப்போதோ வந்து உடல் தானே வென்றது. மையப் புரத எதிர்ப்பொருள் மட்டும் தனியாக இருந்தால் அலட்சியம் வேண்டாம். பழைய தொற்றின் சுவடாக இருக்கலாம், ஒளிந்திருக்கும் கிருமியாகவும் இருக்கலாம். டிஎன்ஏ பார்த்துவிட்டு, ஒரு தடுப்பூசி போட்டு எதிர்ப்பொருள் எழுகிறதா என்று பார்ப்பது வழக்கம். மூன்றும் 'இல்லை' என்றால் தடுப்பூசி போட வேண்டும்.

"சின்ன வயசுலயே போட்டாச்சு" என்பதை மட்டும் நம்பாதீர்கள். சிங்கப்பூரில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி 1987 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கு முந்தையவர்களில் பலருக்கு இல்லை. இந்தியாவில் தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் கீழ் அது நாடு முழுதும் வந்தது 2011இல்தான். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் குழந்தையாக இருந்தபோது அது திட்டத்திலேயே இல்லை. எச்ஐவி உள்ளவருக்கு வழக்கமான அளவு சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 கொடுப்பது உண்டு. 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் 10-ஐத் தாண்டியதா என்று பார்த்தே ஆக வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.

ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் சரியான மாத்திரையைச் சரியாகப் போட்டுவரும்போதே இன்னொன்று நடக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள், பெரும்பாலும் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரத்துக்குள், ஏஎல்டி திடீரென ஐந்து பத்து மடங்கு ஏறும். எச்ஐவி அடங்கியதும் தெம்பு வந்த எதிர்ப்புச் சக்தி, கல்லீரலில் தங்கியிருக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியைத் தாக்கத் தொடங்குவதால் வரும் ஏற்றம் இது. மருந்தின் நச்சு என்று நினைத்து இந்த நேரத்தில் டெனோஃபோவிரை நிறுத்துவதுதான் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு, ஏனென்றால் தாக்குதலுக்கு நடுவே கிருமிக்கு விடுதலையும் கிடைத்துவிடும். வாரா வாரம் ரத்தம் பார்த்து, பிலிருபினும் ரத்தம் உறையும் நேரமான ஐஎன்ஆரும் ஏறாதவரை மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே கடப்பார்கள். அவை ஏறினால் கல்லீரல் நிபுணர் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

மருந்தே கல்லீரலைத் தாக்குவது இல்லவே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய நாளில் அது நிறையவே நடந்தது. நெவிரபின் என்ற மருந்து, சிடி4 250-க்கு மேல் இருந்த பெண்களுக்கும் 400-க்கு மேல் இருந்த ஆண்களுக்கும், அதாவது எதிர்ப்புச் சக்தி இன்னும் நன்றாக இருந்தவர்களுக்கு, கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியது. எஃபாவிரென்ஸ் சிலருக்கு மாதங்கள் கழித்துக்கூடத் தொல்லை தந்தது. எச்ஐவி மாத்திரை என்றாலே கல்லீரல் போய்விடும் என்ற பேச்சு நம்மவர்களிடம் இன்னும் உலவுவது அந்தக் காலத்தின் மிச்சம். இன்று தொடக்கத்தில் கொடுக்கப்படும் டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் வகை மருந்துகளில் கடும் கல்லீரல் பாதிப்பு அரிது. டோலுடெக்ராவிர் தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரக எண்ணான கிரியாட்டினின் சற்று ஏறும், பிறகு அங்கேயே நிற்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றும் ஒரு வழியை மருந்து மறிப்பதால் வரும் கணக்கு மாற்றம் அது, சிறுநீரகம் கெட்டதாகப் பொருள் இல்லை. அடாசனாவிர் போடுகிறவருக்குக் கண் மஞ்சளாகலாம். பிலிருபின் மட்டும் ஏறி ஏஎல்டி சரியாக இருந்தால் அது கல்லீரல் அழற்சி அல்ல.

இந்திய வம்சாவளியினர் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டிய மருந்து அபகாவிர். எச்எல்ஏ-பி 5701 என்ற மரபுக் குறி உள்ளவருக்கு இந்த மருந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைக் கொண்டுவரும். சீனர்களிடம் அந்தக் குறி மிக அரிது, இந்தியர்களிடம் அதைவிடப் பல மடங்கு அதிகம். பரிசோதனை முடிவு வரும்வரை அபகாவிர் கலந்த எந்த மாத்திரையும் தொடங்கக் கூடாது. ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும்: காய்ச்சல், தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, கூடவே கல்லீரல் நொதி ஏற்றம். ஒவ்வொரு மாத்திரைக்குப் பிறகும் முன்னதைவிடக் கூடும். அப்படியானால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நின்ற பிறகு "சரியாகிவிட்டதே" என்று மறுபடி ஒன்று போட்டுப் பார்ப்பது கூடவே கூடாது. இரண்டாவது முறை வருவது பல மடங்கு கொடியது.

சரி, எந்த எண் வந்தால் என்ன செய்வது? ஏஎல்டிக்கு உங்கள் ஆய்வகம் சொல்லும் மேல் வரம்பை முதலில் பாருங்கள், அது பெரும்பாலும் 40-க்கும் 55-க்கும் இடையே இருக்கும். வரம்பின் இரண்டரை மடங்குக்குள் இருந்து உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றால் மாத்திரையைத் தொடர்ந்து, குறித்த தேதியில் மறுபடி ரத்தம் கொடுப்பதுதான் வேலை. இரண்டரைக்கும் ஐந்துக்கும் இடையே என்றால் காரணம் தேட வேண்டும், ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஐந்து மடங்கைத் தாண்டினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அழைத்துப் பேசுங்கள். ஏஎல்டி மூன்று மடங்குதான், ஆனால் பிலிருபினும் இரண்டு மடங்கு என்றால் அதுவே ஐந்து மடங்கு தனி ஏஎல்டியைவிட ஆபத்தான கூட்டு. எண்களைவிட முந்திப் பேசும் அறிகுறிகளும் உண்டு: பால் இல்லாத தேநீர் நிறத்தில் சிறுநீர், கண் வெள்ளையில் மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே வலி, நிற்காத வாந்தி. பேச்சில் தடுமாற்றமோ நேரம் இடம் புரியாத குழப்பமோ சேர்ந்தால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.

சிகிச்சை தொடங்கி 4 முதல் 8 வாரத்துக்குள் முதல் மறுபரிசோதனை, மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது சிக்கல் இல்லாதவருக்கு. ஹெப்படைட்டிஸ் உள்ளவருக்கும் தொடக்கத்திலேயே எண் ஏறியிருந்தவருக்கும் இரண்டாவது வாரத்திலேயே ஒன்று.

இறங்க வேண்டிய எண் எட்டு வாரமாகியும் இறங்கவில்லை என்றால் மாத்திரையைச் சந்தேகிக்கும் முன் மற்றவற்றைத் தேடுங்கள். ஹெப்படைட்டிஸ் சி எதிர்ப்பொருள் எழ இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதனால்தான் ஆர்என்ஏ. அது இருந்தால் வருந்த வேண்டாம், 8 முதல் 12 வார மாத்திரையில் குணமாகும் நோய் அது. ஏஎல்பி மற்றவற்றைவிடத் தூக்கலாக நின்றால் சிஃபிலிஸ் கல்லீரலைத் தொட்டிருக்கலாம், பென்சிலின் ஊசியில் சரியாகும். லக்சாவில் பாதி வெந்தபடி போடும் சிப்பி ஹெப்படைட்டிஸ் ஏ-யையும், சரியாக வேகாத பன்றி ஈரல் ஹெப்படைட்டிஸ் ஈ-யையும் கொண்டுவரும். ஏ-க்குத் தடுப்பூசி இருக்கிறது.

காசநோய்த் தடுப்பு மாத்திரை தனிக் கவனம் கேட்பது. உறங்கும் காசநோய் இருப்பது தெரிந்தால் ஐசோநியாசிட் கொடுப்பார்கள், கூடவே வைட்டமின் பி6. கல்லீரலைத் தாக்குவதில் ஐசோநியாசிட் இன்றைய எச்ஐவி மாத்திரைகளைவிடப் பெயர் வாங்கியது. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எண் ஏறும்போது யார் காரணம் என்று தெரியாது. அவசரமில்லாதபோது சில வாரம் இடைவெளி விட முடியுமா என்று கேளுங்கள். அறிகுறியோடு ஏஎல்டி மூன்று மடங்கு, அறிகுறி இல்லாமல் ஐந்து மடங்கு என்றால் ஐசோநியாசிட் நிறுத்தப்படும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து வந்தால் கணக்கே மாறும்: டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை ஆகும், பிக்டெக்ராவிரோடு ரிஃபாம்பிசினைச் சேர்க்கவே கூடாது.

யார் காரணம் என்று தெரியாமல் போகும் இந்தச் சிக்கல் வீட்டிலும் நடக்கிறது, அதுவும் நம் வீடுகளில் அதிகம். கல்லீரல் எண் ஏறியது என்று கேள்விப்பட்டதும் அம்மா கீழாநெல்லி அரைத்துத் தருவார். நண்பர் சீந்தில் பொடி வாங்கி வருவார். சிராங்கூன் சாலையில் மஞ்சள் சாற்றுக் குளிகை, அமுக்கரா, பச்சைத் தேயிலைச் சாறு எல்லாம் கிடைக்கும். சமையலில் போடும் மஞ்சளால் ஒன்றும் இல்லை. மிளகுச் சத்து சேர்த்துச் செறிவூட்டிய மஞ்சள் குளிகை, சீந்தில், அமுக்கரா, பச்சைத் தேயிலைச் சாறு ஆகியவற்றால் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சீன மருந்துக் கடையில் தலைமுடிக்கு என்று விற்கும் ஹோ ஷோ வூவும் அதே வரிசை. ரசமோ ஈயமோ கலந்த பற்பம், செந்தூரம் கல்லீரலோடு சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். அம்மாவின் அன்பை யாரும் குறை சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் புதிதாக எதையும் தொடங்காமல் இருந்தால்தான் ரத்தம் சொல்வதை டாக்டரால் தெளிவாகப் படிக்க முடியும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் டப்பாவை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். மறைத்தால் குற்றம் மாத்திரை மேல் விழும், நல்ல மருந்து வீணாக மாற்றப்படும்.

பனடாலுக்கு, அதாவது பாராசிட்டமாலுக்கு வருவோம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது என்பது கல்லீரல் நலமாக உள்ள பெரியவருக்கு. ஏஎல்டி ஏறியிருப்பவர், தினம் குடிப்பவர், மெலிந்தவர் நான்கோடு நிற்பது பாதுகாப்பு. சளி மாத்திரையிலும் காய்ச்சல் தூளிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், சேர்த்துக் கணக்கிடுங்கள். நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்து குடித்தால் அவை டோலுடெக்ராவிரையும் பிக்டெக்ராவிரையும் வயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும். எச்ஐவி மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் டோலுடெக்ராவிரோடு நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

குடியை எத்தனை கோப்பை என்று கேட்டால் பதில் எப்போதும் குறைவாகத்தான் வரும். கிராமில் பார்ப்போம். காப்பிக் கடையில் வரும் 640 மில்லி பெரிய பீர் பாட்டில், 5 விழுக்காடு என்றால் சுமார் 25 கிராம் சாராயம். ஊரில் ஒரு குவார்ட்டர் சுமார் 60 கிராம். ஆண்களுக்கு ஒரு நாளைய மேல் வரம்பாகச் சொல்லப்படுவது 20 கிராம், பெண்களுக்கு 10. பெரிய பாட்டில் ஒன்றே வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரு மடங்கு இருந்தால் டாக்டர் குடியைப் பற்றித்தான் கேட்பார். முதல் மூன்று மாதம் முழுதாக விட்டுவிடச் சொல்வோம். தினமும் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும். ஒன்று மட்டும் எல்லோருக்கும்: குடித்த இரவிலும் மாத்திரையைப் போடுங்கள். "சாராயத்தோட மாத்திரை சேரக்கூடாது" என்று மாத்திரையைத் தவிர்ப்பதால் வரும் கேடு பெரிது.

கிருமி அடங்கியதும் பசி திரும்பும், எடை ஏறும். சில மாத்திரைகளே எடை கூட்டவும் செய்யும். அதன் பிறகு வருடக்கணக்கில் கல்லீரலுக்கு உண்மையான எதிரி கொழுப்புதான். தெற்காசிய ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எச்சரிக்கைக் கோடு. காலைப் பரோட்டாவும் டின் பால் ஊற்றிய தே தாரிக்கும் அந்தக் கோட்டை வெகு சீக்கிரம் தாண்ட வைக்கும். எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு கரையத் தொடங்கும், 7 முதல் 10 குறைந்தால் அழற்சியும் தணியும். காப்பி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் பழக்கம் இருந்தால் விட வேண்டாம்.

தழும்பை மதிப்பிட எஃப்ஐபி-4 என்ற கணக்கைப் பலர் இணையத்தில் தாங்களே போட்டுப் பார்க்கிறார்கள். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணுவையும் ஏஎல்டியின் வர்க்க மூலத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 1.3-க்குக் கீழே நிம்மதி, 2.67-க்கு மேலே மேல்சோதனை. புதிய தொற்றின் நடுவில் இந்தக் கணக்கு பொய் சொல்லும். 35 வயது, ஏஎஸ்டி 90, ஏஎல்டி 100, தட்டணு 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,150-ஐ 1,100-ஆல் வகுத்தால் 2.86, முற்றிய தழும்பு போலத் தோன்றும். அதே ஆளுக்கு நான்காம் மாதம் ஏஎஸ்டி 28, ஏஎல்டி 36, தட்டணு 240 ஆனால் 980-ஐ 1,440-ஆல் வகுத்து 0.68. தழும்பு மறையவில்லை, இருக்கவே இல்லை. அழற்சி நேரத்தில், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் இதேபோலக் கூட்டித்தான் காட்டும். எண்கள் அமர்ந்த பிறகு, மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு போய்ச் செய்துகொள்ளுங்கள்.

செலவுக் கவலையால் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் இருந்தார்கள். தகுதி பெறும் சிங்கப்பூரர்களுக்கு 2020 செப்டம்பர் முதல் எச்ஐவி மருந்துகளுக்கு மானியம் உண்டு, மருத்துவச் சேமிப்பான மெடிசேவும் பயன்படும். போதவில்லை என்றால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக சேவையாளரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் காசுக்காக மாத்திரையை விட்டால் நடப்பது என்ன என்று மேலே பார்த்தோம்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிமார்களுக்கு எச்ஐவி உறுதியானால் பெரும்பாலும் ஊர் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சலில் மருந்து நின்றுபோவதுதான் கல்லீரலுக்கு மிகப் பெரிய ஆபத்து. தமிழ்நாட்டில் எச்ஐவி மருந்து தரும் அரசு ஏஆர்டி மையங்களில் சிகிச்சை இலவசம். இந்தியாவில் முதல் வரிசையாகக் கொடுக்கும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருப்பதால் ஹெப்படைட்டிஸ் பி-யும் அதிலேயே அடங்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அங்கே 1097-ஐ அழைக்கலாம், அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்திலும் வழிகாட்டுவார்கள். கிளம்பும் முன் இங்குள்ள டாக்டரிடம் கேட்டு, கையிருப்புக்குக் குறைந்தது ஒரு மாத மாத்திரையும், ஒரு தாளில் இவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்: மாத்திரையில் உள்ள மருந்துகளின் பெயரும் அளவும், தொடங்கிய தேதி, தொடங்கிய நாளின் ஏஎல்டியும் கடைசி ஏஎல்டியும், ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை மூன்றின் முடிவு, ஹெப்படைட்டிஸ் சி முடிவு, எச்எல்ஏ-பி 5701 முடிவு, எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிருந்தால் அதன் பெயர். தாளைக் கைப்பையில் வையுங்கள், மாத்திரையையும்தான். விமானத்தில் ஏற்றிய பெட்டி மறுநாள் வந்து சேரலாம், அன்றிரவு மாத்திரை வேண்டும்.